ஒரு பை குறைந்த பறவை

எங்கள் நிறுவனத்தில் கோழிக்குஞ்சின் குடலுக்கு இரண்டு துறைகள் இருக்கின்றன. குடல் என்னவோ ஒன்றுதான். முட்டைக்குள் இருக்கும்போது நீட்டிப் பிடித்தால் நூல் கனம்கூட வராது. அதற்கு இரண்டு தலைவர்கள், இரண்டு மாடிப்படிகள், தேநீருக்கு இரண்டு கெட்டில்கள்.

ஏன் இப்படி என்று வெளியாட்கள் கேட்பார்கள். குடலுக்கென்று தனியாக நரம்புகள் உண்டு. தின்றதைத் தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றுவது அவைதான். அதற்கு மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. இந்த நரம்பு செல்கள் குடலில் பிறப்பதில்லை. கருவின் கழுத்துப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நாளில் கிளம்பி, குடலுக்குள் புகுந்து, பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்க, நடந்தே போகின்றன. எட்டாம் நாள் வாக்கில் கடைசி முனையைத் தொட்டுவிடும். இன்னொரு சின்னக் கூட்டம் வால் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. பறவைகளுக்கு மட்டும் குடலை ஒட்டி ஒரு நரம்புக் கயிறு ஓடும். அதில் வந்து காத்திருந்து, பத்தாம் நாளை ஒட்டிப் பின்பக்கமாக உள்ளே நுழையும். மேலிருந்து வருவதை ஆராய்வது கழுத்துவழித் துறை. கீழிருந்து வருவதை ஆராய்வது வால்வழித் துறை. கோழிக்குச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு பைகள் இருக்கும். அந்தப் பைகள்தான் துறைகளுக்கு எல்லை. செல்கள் அந்த எல்லையைத் தினமும் தாண்டிப் போகின்றன. துறைத் தலைவர்கள் தாண்டிப் பதினொரு வருஷம் ஆகிறது.

நான் மாதிரிப் பதிவேட்டு எழுத்தர். வாசலை ஒட்டிய அறை என்னுடையது. முட்டையோ, குஞ்சோ, குப்பியில் மிதக்கும் ஒரு துணுக்குச் சதையோ, என் பதிவேட்டில் ஏறாமல் உள்ளே போகாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள் என்று கொஞ்சம் தலைக்கனமும் எனக்கு உண்டு. இந்தக் கதையில் பெரிய தப்பைச் செய்தவளும் நான்தான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு துறைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஆள் இருந்தார். குடலை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயத்தில் முக்கி, நரம்பு செல்கள் மட்டும் நீலமாகத் தெரியும்படி செய்கிறவர். பதினாறு வருஷம் சாயத்திலேயே கிடந்ததில் அவர் விரல்கள் நகக்கண் வரை நீலம். எல்லோருக்கும் அவர் நீலக்கை. என்னை அக்கா என்பார். இரண்டு பையன்களுக்குப் பிறகு அவருக்கு ஒரு பெண் பிறந்தது. நிறுவனம் முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மூன்றாம் நாள் இனிப்பு கசந்துவிட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து வெளிக்குப் போகவில்லை. வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிட்டது, பச்சையாக வாந்தி. அறுவை டாக்டர் ஒரு தாளில் குடலை வரைந்து விளக்க ஆரம்பித்திருக்கிறார். இவர் பாதியிலேயே பேனாவை வாங்கி மீதியை வரைந்துவிட்டுக் கேட்டாராம்: "கடைசி வரைக்கும் வந்து சேரலையா டாக்டர்? நடுவுலயே நின்னுட்டாங்களா?"

குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அந்தப் பகுதி தள்ளாது, இறுகிப்போய் அடைத்துக்கொள்ளும். நரம்பு உள்ள இடம் எது என்று தெரிந்தால் அங்கே வெட்டி, வயிற்றில் ஒரு வழி வைத்து, பிள்ளையைப் பிழைக்க வைத்துவிடலாம். டாக்டர் குடலில் கீழிருந்து மேலாக நாலு இடத்தில் அரிசி அளவு கிள்ளி எடுத்தார். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துச் சொல்கிறவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புது ஆள் வரவில்லை. வெளியூருக்கு அனுப்பினால் பதினைந்து நாள். நீலக்கைக்கு அது ஒரு நாள் வேலை. டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை நாலு குப்பிகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"என்ன தம்பி இது?"

"பாப்பாவோட குடல் அக்கா. சீக்கிரம் ஏத்திக் குடுங்க, நானே சீவிக்கிறேன்."

எனக்குக் கை ஓடவில்லை. பதிவேட்டில் இனம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று கோழி, இன்னொன்று காடை. 'மற்றவை' என்று மூன்றாவது ஒன்று முன்பு இருந்தது. அப்படி ஒரு கட்டம் இருப்பதால்தான் மற்றவை வருகின்றன என்று போன வருஷம் குழு கூடி அதை எடுத்துவிட்டார்கள்.

"இயக்குநர்கிட்ட கேட்டுட்டு எழுதட்டுமா?" என்றேன்.

"அவர் கேட்டுட்டு சொல்றேன்னு சொல்வாரு அக்கா. எம்புள்ள வயிறு வெடிச்சிடும் போல இருக்கு. கோழின்னே போடுங்க. காடைன்னா ரொம்பச் சின்னதாயிடும்."

சிரிக்க முயன்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எழுதினேன், கோழி என்று. ஆனால் பாருங்கள், கை பழகிய பழக்கம், மற்றதையெல்லாம் உண்மையாகவே எழுதினேன். பாலினம்: பெண். பொரித்த நாளுக்கு எதிரே குழந்தை பிறந்த தேதி. எடை: இரண்டு கிலோ அறுநூறு கிராம். குடல் பைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் அவரைக் கேட்டேன். மனுஷனுக்கு ஒண்ணுதான் அக்கா என்றார். ஒன்று என்று எழுதினேன். பொய் சொல்வதென்றால் முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் என்னை நுண்ணோக்கிக்குக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளிகள். நாலாவதில் கொத்துக் கொத்தாக நீலம்.

"இது வரைக்கும் ஒழுங்கா வந்திருக்காங்க பாருங்க அக்கா" என்றார். "மூணுல ஆளு கம்மியாயிட்டாங்க. அப்புறம் ஒருத்தருமில்ல. நாலுல வெட்டினாப் போதும். எம்பொண்ணு பொழச்சுக்குவா."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியை நிறுவனத்தின் தாளில், துறைத் தலைவர் கையெழுத்தோடு எழுதினால்தான் அறிக்கை. டாக்டரிடம் வாயால் சொல்லிப் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா பேப்பர் இல்லாம நான் கத்தி வச்சா, நாளைக்கு விசாரணைல என்னத்தக் காட்டுவேன்?" என்று டாக்டர் கையை விரித்தார். அவருக்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது.

முதல் இரண்டு துணுக்குகளும் எல்லைக்குக் கீழே எடுத்தவை. ஆகவே வால்வழித் தலைவர். நல்ல மனிதர், மாடிப்படியில் பார்த்தபோது நீலக்கையின் தோளைத் தட்டி, "குழந்தை எப்படிப்பா இருக்கு? பால் குடிக்குதா?" என்று கண் கலங்கக் கேட்டவர். அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்லைடைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஆமா சார். ஒண்ணும் இல்லைங்கிறதுதான் சார் ரிப்போர்ட்டு."

"அது எப்படிப்பா? இருக்கறதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். இல்லாததுக்கெல்லாம் போட ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு எத்தனை போடறது? உலகத்துல இல்லாதது எவ்வளவு இருக்கு!"

மற்ற இரண்டும் கழுத்துவழித் தலைவரிடம் போயின. அவர் ஸ்லைடைப் பார்க்கவே இல்லை. நுணுக்கமான ஆள், பதிவேட்டிலிருந்து நகலெடுத்த படிவத்தைத்தான் பார்த்தார். பைகள் ஒன்று என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. கோழிக்குப் பைகள் இரண்டு. இரண்டாவது எங்கே? காணாமல் போனதா, சீவும்போது கெட்டதா, பறவைக்கே இல்லையா? ஒரு பை குறைந்த பறவையின் மேல் துறை கருத்துச் சொல்லாது. விளக்கம் கேட்டுக் கோப்பைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அவரும் வராந்தாவில் நீலக்கையை நிறுத்தி, தன் மச்சான் பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்ததென்றும், இப்போது கால்பந்து ஆடுகிறான் என்றும் சொல்லி ஆறுதல்படுத்தினார்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அது குழந்தை என்று தெரியாதவர் எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூட இல்லை. காவலாளிக்குத் தெரியும், முட்டை கொண்டுவருகிற வண்டிக்காரருக்குத் தெரியும். வராந்தாவில் எல்லோருக்கும் அது குழந்தை. அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால் பறவை.

குழு பதினோராம் நாள் கூடியது. அதன் பெயர் உயிர்நலக் குழு. அதில் பறவைகளின் சார்பாகப் பேசுவதற்கென்றே ஒருவர் உண்டு. முட்டையில் பத்து நாள் வரை இருப்பது பொருள், அதற்கு மேல் போனால் பிராணி என்பது எங்கள் விதி. இங்கே பொரித்தே பதினோரு நாளாகிவிட்டது. ஆகவே விஷயம் பெரிசாகிவிட்டது. நீலக்கையைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு வயிற்றைக் கழுவிக் கழுவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் அங்கிருந்து நேரே வந்திருந்தார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பொரித்த பறவையை அனுமதி இல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தது யார்?" என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"நாங்கதான் சார். நானும் என் வீட்டுக்காரியும்."

"வேதனைப்படுகிறதா?" இது பறவைகளின் சார்பாளர்.

"அழுதுக்கிட்டே இருக்கா சார். இப்ப அழறதுக்கும் தெம்பில்ல."

"பறவை அழாது. கத்தும். குறிப்பில் திருத்திக்கொள்ளுங்கள்."

தீவனப் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இரண்டு கிலோ அறுநூறு என்ற எடை அவரை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லையாம். பொரித்த சில நாளிலேயே இந்த எடை எந்தத் தீவனத்தில் வந்தது?

"தாய்ப்பால் சார்" என்றார் நீலக்கை.

அந்த ஒரு சொல்லிலாவது யாராவது எழுந்து, போதுமய்யா என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். நானே எழுந்திருக்கலாம். என் மடியில் பதிவேடு இருந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"பறவைக்குப் பாலூட்டியின் பால் கொடுப்பதற்குத் தனி அனுமதி வேண்டும்" என்று சார்பாளர் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

நீலக்கை கை கூப்பினார். "சார், உங்களுக்கெல்லாம் தெரியும். அது என் குழந்தை சார். நாலாவது ஸ்லைடுல நரம்பு இருக்குன்னு ஒரு வரி. யாராவது ஒருத்தர். எனக்கு அது போதும் சார்."

அப்போதுதான் இயக்குநர் எழுந்து நின்று பேசினார். நானும் குறிப்பெடுத்தேன், ஆகவே வார்த்தை மாறாமல் சொல்ல முடியும்.

"நமது பணியாளரின் உணர்வை மதிக்கிறேன். இந்த நிறுவனம் இதுவரை எந்த உயிரையும் கைவிட்டதில்லை. ஏனென்றால் எந்த உயிரையும் நாம் கையில் எடுத்ததே இல்லை. மாதிரிகளை மட்டுமே எடுத்திருக்கிறோம். குடலின் கடைசி முனைவரை நரம்பு ஏன் போய்ச் சேர்கிறது, சில சமயம் ஏன் சேர்வதில்லை என்ற கேள்வியை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். எதற்காக? நோயுற்ற குழந்தைகளுக்காக. நமது ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒரு குழந்தையின் படம் இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக உழைக்கும் இடத்தில், ஒரே ஒரு குழந்தைக்காக ஒழுங்கைத் தளர்த்தினால், நாளை எல்லாக் குழந்தைகளும் வந்துவிடுவார்கள். அப்புறம் ஆராய்ச்சி எப்படி நடக்கும்?"

கை தட்டினார்கள். கழுத்துவழித் தலைவரும் வால்வழித் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். பதினொரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். பறவையின் இரண்டாவது பையைத் தேடுவதற்கு இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

பதினான்காம் நாள் குழந்தையின் வயிறு கறுக்க ஆரம்பித்தது. டாக்டர் அறுவை அறையிலிருந்து வெளியே வந்து, நீலக்கையின் சட்டையைப் பிடித்து இழுத்தாராம். "பேப்பர் கிடக்கட்டும். உன் வாயால சொல்லு. மூணா, நாலா?"

"நாலு டாக்டர்."

நாலாவது இடத்தில் வெட்டினார். பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு என் அறைத் தொலைபேசி அடித்தது.

"அக்கா! பாப்பா வெளிக்குப் போயிட்டா அக்கா! வயித்துல வச்ச வழியா, தானாப் போயிட்டா! நாலுதான் அக்கா! நாலு சரியாப் போச்சு!"

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பக்கத்து அறைக்கெல்லாம் ஓடிப் போய்ச் சொன்னேன். வால்வழித் தலைவர் தன் கெட்டிலில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஆனால் அழுகல் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. பத்து நாள் முன்னால், ஏன், ஆறு நாள் முன்னால் வெட்டியிருந்தால்கூட என்று டாக்டர் ஏதோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாராம். பதினேழாம் நாள் சாயங்காலம் குழந்தை போய்விட்டது.

நிறுவனத்திலிருந்து எல்லோரும் போனோம். இயக்குநர் வந்தார், தேம்பி அழுதார். அது நடிப்பில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

நாலு நாள் கழித்துக் குழுவிடமிருந்து கோப்பு என் மேஜைக்கு வந்தது. துணைக்குழு இரண்டாவது பையைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் பெருந்தன்மையோடு கோப்பை முடித்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறது. ஒரே ஒரு தாள் பாக்கி. பொரித்த பறவை என்றால், அதை விதிப்படி அப்புறப்படுத்தியதாகச் சான்று வேண்டும். வளர்த்தவர் கையெழுத்திட வேண்டும்.

அந்தத் தாளை நான் யாரிடம் நீட்டுவேன்? பெற்றவனிடமா? பதிவேட்டைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சிவப்பு மையை எடுத்தேன். கோழி என்பதை அடித்துவிட்டுக் குழந்தை என்று எழுதிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று பேனாவை வைத்தபோது, வாசலில் நீலக்கை நின்றார். விடுப்பு முடிந்து வேலைக்கு வந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"நான் எழுதின பொய் தம்பி இது. இதை வச்சுத்தானே ஆளாளுக்கு விளையாடிட்டாங்க. மன்னிச்சுக்கோ. இதை அடிச்சுடறேன்."

"அடிக்காதீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் தன் நீல விரலால் மெதுவாக மூடிக்கொண்டார்.

"பறவை இல்லாதது உள்ள இருக்கக் கூடாது. குழந்தைன்னு எழுதினீங்கன்னா நாலு ஸ்லைடையும் அன்னிக்கே எரிச்சிடுவாங்க. பறவைன்னா முப்பது வருஷம் வச்சிருக்கணும். விதி அக்கா." பக்கத்தின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. "அவளை ஒரு போட்டோகூட எடுக்கல நாங்க. மூக்குல குழாய், வயித்துல குழாய். சரியாகட்டும், வீட்டுக்கு வந்ததும் எடுப்போம்னு அவங்கம்மா சொல்லிட்டா. இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மேஜையில் கிடந்த சான்றை அவராகவே எடுத்துப் படித்தார். 'மேற்படி பறவை விதிகளின்படி அப்புறப்படுத்தப்பட்டது. அதற்கு எவ்வித வேதனையும் ஏற்படவில்லை என உறுதி கூறுகிறேன்.' வேதனை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாளில் பேனா கீறும் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். கையெழுத்துப் போட்டிருந்தார். தேதியும் போட்டிருந்தார்.

பையிலிருந்து நாலு ஸ்லைடுகள் உள்ள சின்னப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அலமாரியைத் திறந்து, கோழி என்று எழுதிய வரிசையில் ஓர் இழுப்பறையை இழுத்தேன்.

"நாலாவதை மேல வைங்க அக்கா" என்றார். "அதுலதான் அவ நல்லா இருக்கா."